என் சொல்லுக்கு எதுக்குச் சூடம்

திரை இன்னும் விலகலை. உள்ள அலங்காரம் நடக்குதாம், அது முடிஞ்சு திரையை விலக்கின பிறகுதான் சத்தியமாம், அம்மன் கண்ணுக்கு நேரா செஞ்சாத்தான் செல்லுமாம். ஆமா, ஒரு திரைத்துணிக்கு அந்தப் பக்கம் பாக்க முடியாதவளா வெள்ளிக்கிழமை சாயங்காலம் எவன் எங்க நின்னான்னு பாத்திருக்கப் போறா? இதைச் சத்தமாவே கேட்டிருக்கணும். கேக்கலை. வாயை மூடிக்கிட்டு, யாரோ இழுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். இந்தத் தெருவுக்குக் குடிவந்து தலை நரைச்சாச்சு, இந்தச் செல்லியம்மன் கோயிலுக்குள்ள கால் வைக்கிறது இதுதான் முதல் தடவை. ஒண்ணும் ஆயிடலை. தரை சில்லுனு இருக்கு, எண்ணெய்ப் பிசுக்கு உள்ளங்கால்ல ஒட்டுது, சாம்பிராணிப் புகை கண்ணைக் கரிக்குது, அவ்வளவுதான். எல்லாரும் என்னையே பாக்குறாங்க. பாக்கட்டும். தென்மொழி கோயிலுக்கு வந்துட்டா, வரவச்சுட்டா பாத்தியா அம்மன், அப்படின்னு இந்நேரம் பாதித் தெரு பேசி முடிச்சிருக்கும். பூக்காரி செகதாம்பா மட்டும் கூடையை மடியில வச்சுக்கிட்டு எனக்குக் கண்ணைக் காட்டுறா, என்னடி பண்ணப் போறன்னு கேக்குற மாதிரி. தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு. முதுகை மட்டும் நேரா வச்சுக்கிட்டேன். அது எனக்குத் தெரியும். எந்த இடத்துல உட்கார்ந்தாலும் முதுகு வளையாது எனக்கு.

நடந்தது இவ்வளவுதான். அம்மன் கழுத்துல கிடந்த பொட்டுத்தாலியைக் காணோம். சனிக்கிழமை காலையில அபிஷேகத்துக்கு நகையைக் கழட்டும்போதுதான் பாத்திருக்காங்க. சாவி பூசாரி வைரக்கண்ணு இடுப்புல. அது போதாதுன்னு கோயில் பொருளாளர் தனவேல், வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு வைரக்கண்ணு மடியில எதையோ கட்டிக்கிட்டுக் கடைவீதிப் பக்கம் போற ஷேர் ஆட்டோவுல ஏறினதை என் ரெண்டு கண்ணால பாத்தேன்னு சொல்லிட்டாரு. தனவேல் சொன்னா தெருவே சொன்ன மாதிரி. ஆனா அந்த நேரத்துக்கு வைரக்கண்ணு என் வீட்டு வாசல்லதானே நின்னாரு! எங்கூடச் சண்டை போட்டுக்கிட்டு. எல்லாம் இந்தக் கோயில்ல கட்டின குழாய் ரேடியோ சண்டைதான், வருசக்கணக்கா நடக்குது. அம்மாவுக்குப் பாட்டு போடக்கூடாதுன்னு சொல்ல நீங்க யாருன்னு அவரு, உங்க அம்மாவுக்குக் காது மந்தம்னா நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்கய்யா, என் காதை ஏன் கிழிக்கிறீங்கன்னு நான். நடுவுல தொண்டை காஞ்சு போய்த் தண்ணி கேட்டாரு, மோரே குடுத்தேன், குடிச்சிட்டு விட்ட இடத்துலேருந்து மறுபடி ஆரம்பிச்சாரு. அன்னைக்குன்னு பாத்துத் தெருவுல ஒரு ஈ காக்கா இல்லை, எல்லாம் எதிர்த் தெருவுல சடங்கு வீட்டுக்குப் போயிருக்கு. ஆகக்கூடி அந்த மனுசன் எடுக்கலைங்கிறதுக்கு உலகத்துலயே ஒரே சாட்சி அவருக்கு ஆகவே ஆகாத நான். இன்னிக்குக் காலையில கோயில் கூட்டம் முடிவு பண்ணியிருக்கு. லேப்பம்மா, அதான் ரத்தம் பாக்குற நான், வந்து அம்மன் முன்னால சூடத்தை அணைச்சு, ஆமா என் வீட்டு வாசல்லதான் நின்னாருன்னு சத்தியம் பண்ணட்டும், விட்டுடறோம், இல்லேன்னா சாயங்காலமே போலீஸ்ல எழுதிக் குடுத்துடறோம்னு. எரியிற சூடத்தை உள்ளங்கையால அடிச்சு அணைக்கணும். பொய் சொல்ற கை வெந்துடுமாம், குடும்பம் விளங்காதாம். எங்க தெருவுக்கு அதுதான் ஹைகோர்ட்டு.

கூட்டம் கலைஞ்ச கையோட மருதாயி வந்து நின்னா, வைரக்கண்ணு பொண்டாட்டி. அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கிடக்கு. அக்கா, உங்க காலுல விழறேங்கா, அப்படின்னு விழவே போயிட்டா, பிடிச்சு நிறுத்தினேன். சாமி கும்பிடாதவ காலுல எதுக்குடி விழற, எந்திரின்னேன். அப்பதான் சொன்னா. அக்கா, உங்களுக்குத்தான் சாமி இல்லையே, அப்ப உங்களுக்கு அது வெறும் சூடம்தானே, ஒரு தட்டு தட்டிட்டு வந்துருங்களேன், எங்களுக்குன்னா அது உசுரு போற விஷயம், உங்களுக்கு ஒண்ணுமில்லையே. அடியாத்தீ. நாத்திகத்தைப் பத்தி மேடை போட்டுப் பேசினவங்களை எல்லாம் கேட்டிருக்கேன், பட்டிமன்றம் கேட்டிருக்கேன், ஒருத்தரும் இப்படி ஒரு கேள்வியைக் கொண்டுவந்து என் வாசல்ல வச்சதில்லை. உங்களுக்கு ஒண்ணுமில்லையே. காலையிலேருந்து அதுதான் ஓடுது மண்டைக்குள்ள. சரிதானே அவ சொல்றது? எனக்கு அது வெள்ளையா ஒரு கட்டி, பத்த வச்சா எரியும், கையை வச்சா அணையும். அதுக்கு முன்னால நிக்கிற சிலை கல்லு. கல்லுக்கு முன்னால கட்டியை அணைக்கிறதுல எனக்கு என்ன நட்டம்? ஒரு மனுசன் தப்பிப்பான். புள்ளைங்க ரெண்டும் திருடன் புள்ளைங்கன்னு பேர் வாங்காது. ஆனா கையை நீட்டறதுன்னா என்ன அர்த்தம்? அங்க நிக்கிற எல்லாருக்கும் அது ஒரு சொல். இங்க ஒருத்தி இருக்கா, நான் பொய் சொன்னா என்னை அழிப்பா, அது தெரிஞ்சுதான் பேசறேன் அப்படிங்கிற சொல். அது எனக்குப் பொய். வைரக்கண்ணு என் வாசல்ல நின்னாருங்கிறது உண்மை. ஒரே கையால ரெண்டையும் சொல்லச் சொல்றா மருதாயி. உண்மையைப் பொய்யில சுத்திக் குடுக்கச் சொல்றா, கசப்பு மாத்திரையை வெல்லத்துல வச்சுக் குடுக்குற மாதிரி. வர்றேன் போன்னு மட்டும் சொன்னேன்.

மக வெயினிக்குப் போன் போட்டேன். அவ ஓசூர்லேருந்து, அம்மா ஒரு நாடகம் மாதிரி நினைச்சுக்கயேன், தட்டிட்டு வாம்மா, அந்தாளு பாவம்ல, அப்படிங்கிறா. நாடகத்துல நடிக்கிறவளை யாரும் சாட்சிக்குக் கூப்பிடறதில்லடின்னேன். அம்மா, உனக்கு வீம்பும்மா, அப்படின்னா. வீம்புதான். இருக்கட்டுமே. இந்த வீம்பு ஒண்ணும் சும்மா வந்ததில்லை. ஆனா போனை வச்ச பிறகு நடந்ததையும் சொல்லணும், யார்கிட்ட மறைக்கப் போறேன், எனக்குள்ளதானே பேசிக்கிட்டிருக்கேன். குடும்பம் விளங்காதுங்கிற பேச்சு நினைப்புக்கு வந்ததும் கண்ணு முன்னால வெயினி முகம் வந்துச்சு. அவ ஸ்கூட்டர் ஓட்டிக்கிட்டு ஆபீஸ் போற ரோடு, அந்த லாரிங்க. ச்சீ, எங்கேருந்து வருது இது? நான் சொல்லப் போறது உண்மைதானே, அப்படியே அம்மன்னு ஒருத்தி இருந்தாலும் எனக்கு என்ன பயம்? இருந்தாலும்னு நினைச்சேனா? நினைச்சேன். உடம்புக்குப் பகுத்தறிவு தெரியாது, அது இருட்டைப் பாத்துப் பயந்த காலத்துலேருந்து வருது, அதைக் குறை சொல்லி என்ன. பயம் வர்றது தப்பில்லை. வந்த பயத்தை எடுத்து நெத்தியில பூசிக்கிட்டுத் திரியிறதுதான் எனக்கு ஆகாது. இப்பக்கூட உள்ளங்கை வேர்த்திருக்கு, சேலையில துடைச்சுக்கிறேன், செகதாம்பா பாத்துட்டா. பாத்தா பாக்கட்டும். உள்ள மணி ஒரு தடவை அடிச்சு நின்னுடுச்சு. இரவல் பூசாரி, பக்கத்துத் தெரு கோயில் ஆளு, பூவைக் கேட்டு உள்ளேருந்து சத்தம் போடுறான். வைரக்கண்ணு தூணுக்குப் பக்கத்துல தரையில உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டிருக்காரு. தன் கோயில்ல வேற ஒருத்தன் கையால அலங்காரம் நடக்கறதைப் பாக்கற கொடுமை இருக்கே. அந்தக் குனிஞ்ச கழுத்தைப் பாக்க எனக்கே பொறுக்கலை. எங்கூடச் சண்டை போடும்போது எப்படி நிமிந்து நிக்கும் அந்தக் கழுத்து!

தனவேல் அந்தப் பக்கம் வெள்ளை வேட்டியில நிக்கிறாரு, பட்டை பட்டையா திருநீறு, நடுவுல குங்குமம். கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். வெள்ளம் வந்தப்ப எங்க வீட்டுக்கும் சோத்துப் பொட்டலம் கொண்டாந்து குடுத்தவரு. ஆனா வாயில அருவாளை வச்சிருப்பாரு. ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில வச்சு, எல்லாரும் கேக்க, ஒண்ணு சொன்னாரு. ஏம்மா தென்மொழி, உங்கப்பா ரயில்வே பட்டறையில கறுப்புச் சட்டை, அதனால உனக்குச் சாமி இல்லை, எங்கப்பா பட்டை போட்டாரு, அதனால எனக்கு இருக்கு, இதுல உன் அறிவு எங்கம்மா வந்துச்சு நடுவுல? சுத்தி நின்னவங்க கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. பதிலைத் தேடினேன். நாள்கணக்காத் தேடினேன். சோத்துல கையை வச்சா அதுதான், குளிக்கப் போனா அதுதான். ஏன்னா அப்பாவை எனக்குத் தெரியும். அப்பாவோட நாத்திகம் ஒரு அதட்டல். அம்மா ஒரு முருகன் படத்தை அரிசி டின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருந்தா, அரிசி அளக்கும்போது மட்டும் கும்பிட்டுக்குவா. அதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு அப்பா போட்ட சத்தத்துல பக்கத்துக் குவாட்டர்ஸ்காரங்க வெளியே வந்துட்டாங்க. அம்மா அழுதுக்கிட்டே மூடியைச் சுரண்டினா. அதுவா பகுத்தறிவு? ஒருத்தி தன் அரிசி டின்னுக்குள்ள எதை வச்சுக்கிட்டா உனக்கென்னய்யா? எனக்கு அன்னைக்கே அப்பா மேல வெறுப்பு, அவரு இல்லைன்னு சொன்ன சாமி மேல ஒரு பரிதாபம். அந்தப் பரிதாபத்துலயே பக்தையா ஆகியிருப்பேன், ஆகியிருக்கணும் நியாயமா. ஆகலையே? தனவேல் சொன்ன மாதிரி அப்பா வச்சுட்டுப் போன சொத்துன்னா, அப்பாவைப் பிடிக்காதவ அந்தச் சொத்தைத் தூக்கித்தானே போட்டிருக்கணும்? இதைக் கண்டுபிடிக்க எனக்கு அத்தனை நாள் ஆச்சு. எங்க கண்டுபிடிச்சேன்னா, லேபுல, மைக்ராஸ்கோப்புக்கு முன்னால.

மலேரியாவுக்கு ரத்தம் பாக்குறது இருக்கே, அது பொறுமைக்காரங்க வேலை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டுல இழுத்து, சாயம் போட்டு, லென்ஸுக்கு அடியில வச்சு, ஒவ்வொரு இடமா நகத்தி நகத்திப் பாக்கணும். கிருமி இருந்தா வேலை சுளுவு, ஒண்ணு கண்ணுல பட்டாப் போதும், இருக்குன்னு எழுதிட்டு எந்திரிச்சுப் போகலாம். இல்லைன்னு எழுதத்தான் கழுத்து ஒடியணும். முழுசாத் தேடாம இல்லைன்னு எழுதினா ஒரு உசுரு போயிடும். தேடி முடிச்ச பிறகும் நாங்க கிருமி இல்லைன்னு எழுதறதில்லை. காணப்படவில்லைன்னு எழுதுவோம். அதுக்குக் கீழ நம்ம கையெழுத்து. என்னோட வந்து சேர்ந்த பொண்ணுங்க சிலது பாதியில அலுத்துப் போய்க் காணப்படவில்லைன்னு போட்டுட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடும். எங்கப்பா அந்த ரகம்னு ஒரு நாள் எனக்குப் பளிச்சுனு தெரிஞ்சுச்சு, சிலைடைப் பாக்காமலே கையெழுத்துப் போட்ட ரகம். தனவேலும் அதே ரகம்தான், பாக்காமலே இருக்குன்னு எழுதினவரு. நான் அப்படி இல்லை. அப்ப நாத்திகத்துக்கு நியாயம் சொல்லணுமான்னா, சொல்லணும். கேக்குறவனுக்கு இல்லை, கையெழுத்துப் போடுறவ தனக்குத்தானே சொல்லிக்கணும். நீ தேடினியாடி தென்மொழி? தேடினேன். எங்க தேடினேங்கிறது எனக்குத் தெரியும், அந்த வராந்தாவுக்குத் தெரியும்.

வெயினிக்குச் சின்ன வயசுல டெங்கு. ரத்தத் தட்டணு இறங்கிக்கிட்டே போகுது, ரிப்போர்ட்டைப் பாத்து நானே படிக்கத் தெரிஞ்சவ, அதைவிடக் கொடுமை ஒரு தாய்க்கு வேற இல்லை. வீட்டுக்காரரு ரத்தம் தேடி ஊரெல்லாம் அலையிறாரு. நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருக்கேன். எதிர்ல ஒரு மூலையில பிள்ளையார் படம், ஒரு ஊதுவத்தி. அப்ப நான் வீம்பு பிடிக்கலை. அப்பா முகத்தை நினைக்கலை. மனசைத் தொறந்து வச்சேன், ஒரு கதவு விடாம. யாராவது இருந்தா இப்ப வா, என் கொள்கை கிடக்குது குப்பையில, என் புள்ளையைக் குடு, காலமெல்லாம் உன் வாசலைக் கூட்டுறேன். அப்படித்தான் கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டு, நகத்தி நகத்தி, ஒவ்வொரு இடமாத் தேடினேன். என் அழுகை இருந்துச்சு. பக்கத்துல ஒரு கிழவர் இருமல் இருந்துச்சு. பினாயில் வாசனை இருந்துச்சு. பொறவு காலேஜுப் பையனுங்க மூணு நாலு பேர் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு வந்து, இங்கதான் ரத்தம் குடுக்கணுமாக்கான்னு கேட்டாங்க. அவங்க இருந்தாங்க. வேற யாரும் காணப்படலை. புள்ளை பொழைச்சுது. பொழைச்சதும் சொந்தக்காரங்க, சாமி காப்பாத்துச்சுன்னாங்க, செத்திருந்தா நீ கும்பிடாததாலன்னு சொல்லியிருப்பாங்க, ரெண்டு பக்கமும் அவங்களுக்கே ஜெயிப்பு. அந்த விளையாட்டு எனக்கு வேணாம். அன்னைக்கு அந்தப் பையனுங்க கையைப் பிடிச்சுக் கும்பிட்டேன், ஆமா கும்பிட்டேன், எனக்குக் கும்பிடத் தெரியாதுன்னு எவன் சொன்னான்? தேடிட்டுத்தான் இல்லைன்னு சொல்றேன். இந்தத் தெருவுல இத்தனை பேர் இருக்காங்களே, எத்தனை பேர் தேடிட்டு இருக்குன்னு சொல்றாங்க? நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், எனக்கு இதுல பெருமை உண்டு. கர்வம்னு வேணாலும் சொல்லிக்கட்டும்.

அதெல்லாம் சரி. ஆனா ஒரு இடத்துல மாட்டுது, முள்ளுல சேலை மாட்டின மாதிரி, காலையிலேருந்து இழுக்கிறேன், வர மாட்டேங்குது. வைரக்கண்ணு எடுக்கலைங்கிறதுக்கு ஆதாரம் கேக்குறாங்க. சாமி இல்லைங்கிறதுக்கு என்கிட்ட ஆதாரம் கேக்குறாங்க. ரெண்டும் ஒரே அநியாயம். எடுத்தான்னு சொல்றவன்தானே காட்டணும், இருக்குன்னு சொல்றவன்தானே காட்டணும். எங்கப்பா காலத்துலேருந்து மேடையில சொல்ற பேச்சுதான், நானும் ரேஷன் கடை வரைக்கும் சொல்லியிருக்கேன். ஆனா இன்னிக்கு நான் சொல்ல வந்திருக்கிறது இல்லைங்கிற பேச்சு இல்லையே. இருந்தாருன்னு சொல்ல வந்திருக்கேன். என் வாசல்ல இருந்தாரு. இருந்தாருன்னு சொல்றவ நான்தான், அப்ப காட்ட வேண்டியவளும் நான்தான். என்னத்தைக் காட்டுவேன்? சிலைடு இருக்கா, சாயம் இருக்கா? என் வாய்ச்சொல் ஒண்ணுதான். வெறும் வாய்ச்சொல்லை நம்பாதே, பாத்துட்டு நம்புன்னு ஆயுசு பூரா சொன்னவ இன்னிக்கு வந்து, என் சொல்லை நம்புங்கன்னு நிக்கப் போறேன். சிரிக்க மாட்டாங்க? நான் அவங்க இடத்துல இருந்தா நானே சிரிப்பேனே. அதுக்குத்தான் சூடம் கேக்குறாங்க போல. மனுசச் சொல்லு பத்தாதுன்னு அவங்களுக்குத் தெரியுது, பக்கத்துல ஏதோ ஒண்ணு எரியணும். அதுலயும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது, சனியன், ஒத்துக்கத்தான் வேணும். நான் பக்கத்துல எதை எரிக்கிறது? இத்தனை வருசமா இந்தத் தெருவுல பொய் சொல்லாம வாழ்ந்திருக்கேன். அவங்க ரத்தத்தையெல்லாம் எடுத்து, அவங்கவங்க சர்க்கரையை உள்ளது உள்ளபடி சொல்லி, ஏன்மா கொஞ்சம் குறைச்சுச் சொல்லக்கூடாதான்னு தனவேல் கேட்டப்பகூடக் குறைக்காம சொல்லி. அதை எரிக்க முடியாது. ஆனா அதுலதான் நான் நிக்கிறேன். இன்னிக்கு அந்தக் கட்டியை ஒரு தட்டு தட்டினா அதுவும் போச்சு.

மணி அடிக்குது. எல்லா மணியும் ஒண்ணா. எந்திரிக்கிறேன். முழங்கால் கடக்குன்னு சத்தம் போடுது. ஒருத்தி குலவை போடுறா, திரை விலகுது. முதல் தடவையா நேருக்கு நேரா பாக்குறேன் இவளை. பச்சைப் பட்டு, வேப்பிலை மாலை, பெரிய வெள்ளிக் கண்ணு. கழுத்துல தாலி இல்லை. என் கழுத்துலயும் இல்லை, எங்க கல்யாணத்துல அதைக் கட்டவே இல்லை. வெறுங்கழுத்தோட நிக்கிறா பாவம், அழகாத்தான் இருக்கா. செஞ்சவன் நல்ல கைக்காரன். வேற ஒண்ணும் தோணலை எனக்கு. கோயில் தலைவர் தட்டை ஏந்திக்கிட்டு வர்றாரு, சூடம் கொழுந்துவிட்டு எரியுது. வாம்மா, கையை நீட்டி அணைச்சுச் சொல்லு, அப்படிங்கிறாரு. மருதாயி முந்தானையை வாயில வச்சுக்கிட்டு என்னையே பாக்குறா. கையை ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டேன். என் குரல் எனக்கே கணீர்னு கேக்குது. சொல்றேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு இந்த மனுசன் என் வாசல்ல நின்னாரு. நீயெல்லாம் இந்தத் தெருவுலன்னு என்னைப் பாத்துக் கையை நீட்டித் திட்ட ஆரம்பிச்சாரு, அந்த நேரம் பாத்துத் தெரு விளக்கு எரிஞ்சுது. திட்டை அப்படியே நிறுத்திட்டு, தோள் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, கரண்ட் கம்பத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு, கன்னத்துல ரெண்டு போட்டுக்கிட்டு, திரும்பி என்னைப் பாத்து, உருப்படுவியாடின்னு முடிச்சாரு. சொல்லி வாயை மூடலை, செகதாம்பா கொல்லுனு சிரிச்சுட்டா. அய்யோ, அது வைரக்கண்ணேதான், அவரைத் தவிர எவனும் கம்பத்தைக் கும்பிட்டுட்டுத் திட்ட மாட்டான், அப்படிங்கிறா. நாலஞ்சு பேர் சேர்ந்து சிரிக்கிறாங்க. குனிஞ்சிருந்த கழுத்து மெல்ல நிமிருது.

தனவேலுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. கதை நல்லாத்தான் இருக்கு, சூடத்தை அணைக்கச் சொல்லுங்க மொதல்ல, கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்குது பாருங்க, பயம், அப்படிங்கிறாரு. எனக்கு வந்துச்சே கோவம்! பயமா? அணைக்க மாட்டேன்யா, அப்படின்னேன். அணைச்சா உங்க அம்மனை நான் நம்புறதா ஆகும், நான் நம்பலை, இவ முன்னாலயே சொல்றேன் நம்பலை, அவ கண்ணுக்கு எதிரா நின்னு ஒரு பொய்யைக் கையால சொல்லிட்டு அதே மூச்சுல உண்மையை வாயால சொன்னா ரெண்டுல எதை எடுத்துக்குவீங்க நீங்க? கூட்டத்துல சலசலப்பு. தலைவர் தட்டைத் தாழ்த்திட்டாரு, அப்ப போலீஸ்தாம்மா, வேற வழியில்லைன்னாரு. மருதாயி அக்கான்னு ஒரு சத்தம் போட்டா பாருங்க, ஈரக்குலையைப் பிடிச்சு இழுத்த மாதிரி. முடிஞ்சுது, என் வீம்புக்கு ஒரு குடும்பத்தைக் குடுத்துட்டேன்னு நினைச்சேன், கை தானா முன்னால வந்துடுச்சு, சத்தியமா, ஒரு அடி எடுத்துக்கூட வச்சேன். அப்பதான் வாய் பேசுச்சு, யோசிச்சுப் பேசினதில்லை. நம்பாதவ சத்தியம் உங்களுக்கு எதுக்குங்க? நம்புறவரு ஒருத்தர் இங்கயே இருக்காரு. ரெண்டு கண்ணால பாத்தேன்னு மொதல்ல சொன்னவரும் அவருதான். தட்டை அவருகிட்ட நீட்டுங்க, அவரு அணைக்கட்டும், நான் வாயைப் பொத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிடறேன்.

தலைவர் கையில தட்டு தனவேல் பக்கம் திரும்புது. எல்லாக் கண்ணும் திரும்புது. நான் எதுக்குங்க, நான் எதுக்கு, அப்படிங்கிறாரு. சும்மா அணைங்க அண்ணே, பாத்தீங்கல்ல, அப்படின்னு பின்னாலேருந்து ஒரு குரல். கையைத் தூக்குறாரு. சூடத்துக்கு மேல கொண்டுவந்து நிறுத்துறாரு. கண்ணு அம்மன்கிட்ட போகுது, தட்டுக்கு வருது, மறுபடி அம்மன்கிட்ட போகுது. இந்தக் கூட்டத்துலயே அவளை நெசமா நம்புறவரு இந்த ஆளு ஒருத்தர்தானோ என்னவோ. கை இறங்கிடுச்சு. முதுகைத்தான் பாத்தேன், அவரு மாதிரிதான் இருந்துச்சு, பொழுது வேற இறங்கிடுச்சா, அப்படிங்கிறாரு. மாதிரியா? தலைவர் கேக்குறாரு. மாதிரிதாங்க. சூடம் யாரும் தொடாமலே எரிஞ்சு அடங்கிப் போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள குதிக்குது, கூடவே ஒண்ணு குத்துது. அவரை நிறுத்தினது நான் இல்லை. என் வாதமும் இல்லை. அவரோட அம்மன் நிறுத்தினான்னு நாளைக்குத் தெரு பேசும். பேசட்டும், தனக்குத் தெரியாததைத் தெரியும்னு சத்தியம் பண்ண ஒரு மனுசனுக்குக் கை வரலை, அதுக்கு அவரு அம்மன்னு பேரு வச்சிருக்காரு, அதே சமாச்சாரம்தான் என் கையையும் பின்னால கட்டி வச்சுச்சு, நான் அதுக்குப் பேரு வைக்கலை. யாரு வச்ச பேரு சரின்னு இன்னொரு நாள் ரேஷன் கடையில பாத்துக்கலாம். அவரு இறக்கின கையை நான் மதிக்கிறேன். அதைச் சொல்லிடணும் அவருகிட்ட, இன்னிக்கு இல்லைன்னாலும்.

போலீசு வேணாம், தாலியை வேற விதமாத் தேடுவோம்னு தலைவர் சொல்லி, சாவிக்கொத்தை வைரக்கண்ணு கையில குடுத்துட்டாரு. மருதாயி சாமி முன்னால விழுந்து கிடக்கா. வைரக்கண்ணு கண்ணைத் துண்டால அழுத்தித் துடைச்சுட்டு, வேற பேச்சே பேசாம நேரா உள்ள போய்த் திருநீத்துத் தட்டை எடுத்தாரு. வரிசையா எல்லாருக்கும் குடுத்துக்கிட்டே வர்றாரு. தனவேலுக்கும் குடுத்தாரு, குறைச்சலாக்கூட இல்லை, நிறையவே குடுத்தாரு. என் பக்கம் வர்றாரு. கூட்டமே பாக்குது, இப்ப இவ வாங்குவாளா மாட்டாளான்னு. வேணாங்கிறதை மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னு வாயைத் தயார் பண்ணிக்கிட்டு நிக்கிறேன். என் எதிர்ல வந்து நின்னவரு தட்டை அப்படியே இன்னொரு கைக்கு மாத்தி முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டாரு. நீங்க அதை அணைச்சிருந்தீங்கன்னா, அப்படின்னு ஆரம்பிச்சு நிறுத்தி, மறுபடி சொன்னாரு. அணைச்சிருந்தீங்கன்னா நானே உங்களை அப்புறம் நம்பியிருக்க மாட்டேம்மா. சொல்லிட்டுத் தட்டை அந்தப் பக்கமாவே கொண்டுபோய் அடுத்த ஆளுக்கு நீட்டுறாரு. பெரிய மனுசங்களுக்கெல்லாம் இந்தக் கோயில்ல தலையில பரிவட்டம் கட்டி மரியாதை பண்ணுவாங்க, நான் என் வீட்டு மாடியிலேருந்து பாத்திருக்கேன். எனக்கு நீட்டாம போன அந்தத் தட்டு போதும்.